முதலில் அடையைப் பாருங்கள்: நகரத்துக்குள் வரும் தேனீக் கூட்டங்கள்

அடுக்குமாடிக் குடியிருப்பின் மாமரக் கிளையில் ஒரு நாள் காலை பலாப்பழம் அளவுக்குத் தேனீக்கள் கொத்தாகத் தொங்குகின்றன. அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்துவிடும். ஒருவர் தேன்கூடு என்பார், இன்னொருவர் குளவி என்பார், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் யாராவது இருந்தால் கதண்டு என்று கிலியைக் கிளப்புவார். பூச்சிமருந்து அடிக்கும் கம்பெனியின் எண் ஒன்று வரும். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியாயிற்று என்று சங்கச் செயலாளர் பதில் போடுவார். தேனீ அழிந்தால் நான்கே வருஷத்தில் மனித இனமும் அழியும் என்று ஐன்ஸ்டைன் சொன்னதாக ஒரு படமும் வந்து விழும். ஐன்ஸ்டைன் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. நெல்லும் கோதுமையும் விளைவதற்குத் தேனீ தேவையும் இல்லை. இந்த வாதம் ஓய்வதற்குள் கிளையில் இருந்த கொத்து பெரும்பாலும் கிளம்பிப் போயிருக்கும்.

எல்லாக் கொத்தும் அப்படிக் கிளம்பிவிடுவதில்லை என்பதுதான் சிக்கல். சில கூட்டங்கள் மாதக்கணக்கில் தங்குகின்றன. சில கொட்டிக் கொன்றும் இருக்கின்றன. போகப்போகிற கூட்டத்துக்கும் தங்கப்போகிற கூட்டத்துக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கிறோம். இங்கே நடக்கும் அசம்பாவிதங்களில் கணிசமானவை இந்தக் குழப்பத்தில் தொடங்குகின்றன என்பது என் எண்ணம்.

வேறுபாட்டுக்கு அடையாளம் அடை. இளைப்பாற இறங்கிய கூட்டத்திடம் அடை இருக்காது. தேனீக்கள் ஒன்றன் காலை ஒன்று பற்றிக்கொண்டு தொங்கும், அவ்வளவுதான். உள்ளே மெழுகு இல்லை, முட்டை இல்லை, புழு இல்லை, சேமித்த தேன் இல்லை. காப்பதற்கு ஒன்றும் இல்லாத கூட்டம் கொட்டுவதற்கு அவசரப்படுவதும் இல்லை. குடியேறிய கூட்டத்துக்குப் பிள்ளைகளும் இருக்கின்றன, பண்டமும் இருக்கிறது. தேனீக்கள் மேலே மூடிக்கொண்டிருப்பதால் அடை கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அப்போது வெளியிலிருந்து திரும்பும் தேனீக்களின் பின்னங்கால்களைத் தூரத்திலிருந்து கவனிக்க வேண்டும். பைனாகுலர் இருந்தால் நல்லது. மஞ்சளாகப் பூந்தூள் உருண்டை ஒட்டியிருந்தால் உள்ளே புழுக்கள் வளர்கின்றன, அது குடித்தனம். மூன்று நான்கு நாள் கழிந்தும் நகரவில்லை என்றாலும் பெரும்பாலும் குடித்தனம்தான்.

தேனீ வளர்ப்பவர்கள் ‘கூட்டம் பிரிதல்’ என்று சொல்வது தேனீயின் இனப்பெருக்கம். ராணி எவ்வளவு முட்டையிட்டாலும் ஒரு குடும்பம் பெரிதாகுமே தவிர இரண்டாகாது. பூ மிகுந்த பருவத்தில் கூடு நெரிசலாகும்போது பணித் தேனீக்கள் அடையின் ஓரத்தில் புதிய ராணிகளுக்கான அறைகளைக் கட்டுகின்றன. அந்த அறைகளுக்கு மூடி போடும் சமயத்தில் பழைய ராணி பாதிக்கு மேற்பட்ட பணித் தேனீக்களோடு வெளியேறுகிறது. வீடும் சேமிப்பும் மகளுக்கு, அலைச்சல் தாய்க்கு. கிளம்புவதற்கு முன் பணித் தேனீக்கள் வயிறு முட்டத் தேன் குடித்துக்கொள்ளும், புது வீட்டில் மெழுகு சுரக்க அதுதான் மூலதனம். கனத்த வயிற்றோடு ராணியால் பறக்க முடியாது என்பதால் அதற்கு ஊட்டத்தைக் குறைத்து இளைக்க வைக்கின்றன. வெளியே வந்த கூட்டம் உடனே புது வீட்டுக்குப் போவதில்லை. பக்கத்திலேயே ஒரு கிளையிலோ கம்பத்திலோ இறங்கிக் கொத்தாகித் துப்பறியும் தேனீக்களை நாலா பக்கமும் அனுப்புகிறது. நகரத்தில் நம் கண்ணில் படுவது இந்த இடைவேளைதான். சில மணி நேரமோ இரண்டு மூன்று நாளோ நீடிக்கும்.

அந்த இடைவேளையில் என்ன நடக்கிறது என்பதை உலகம் தெரிந்துகொண்டதும் ஒரு நகரத்தில்தான். 1949இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில், விலங்கியல் ஆய்வுக் கழகத்துக்கு வெளியே ஒரு புதரில் தேனீக் கொத்து ஒன்று தொங்கியதை மார்ட்டின் லிண்டவர் பார்த்தார். தேனீயின் நடனம் பூ இருக்கும் திசையையும் தூரத்தையும் சொல்லும் மொழி என்று கண்டுபிடித்த கார்ல் வான் ஃபிரிஷின் மாணவர் அவர். கொத்தின் மேற்பரப்பில் சில தேனீக்கள் ஆடிக்கொண்டிருந்தன. உணவைப் பற்றிய ஆட்டமாக இருந்தால் அவற்றின் காலில் பூந்தூள் இருக்க வேண்டும். இல்லை. பதிலாக உடம்பெல்லாம் அழுக்கு. ஒன்றின் மேல் புகைக்கரி, ஒன்றின் மேல் செங்கல் தூள், ஒன்றின் மேல் மாவு. போரில் குண்டு விழுந்து இடிந்த கட்டடங்கள் அந்த நகரத்தில் அப்போதும் நின்றிருந்தன. புகைபோக்கிக்குள்ளும் உடைந்த சுவரின் பொந்துக்குள்ளும் நுழைந்து பார்த்துவிட்டு வந்த தேனீக்கள் அவை, பூவைத் தேடியவை அல்ல, வீட்டைத் தேடியவை என்று லிண்டவர் ஊகித்தார். அதன் பிறகு ஆடும் தேனீக்கள் ஒவ்வொன்றுக்கும் வண்ணப்புள்ளி வைத்து, எது எந்தத் திசைக்காக ஆடுகிறது என்று எழுதிக்கொண்டே வந்தார். தொடக்கத்தில் பல திசைகள். நேரம் ஆக ஆக ஒவ்வொன்றாக உதிர்ந்து கடைசியில் ஒரே திசை. பிறகு கூட்டம் எழும்பும். ஊகம் சரிதானா என்று பார்க்கப் பறக்கும் கூட்டத்துக்குக் கீழே மியூனிக் தெருக்களில் ஓடியும் இருக்கிறார். 1955இல் வெளியான அவருடைய கட்டுரை இந்தத் துறைக்கு அடிப்படை.

அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துத் தாமஸ் சீலி. மரம் அதிகம் இல்லாத ஆப்பிள்டோர் தீவுக்குத் தேனீக் கூட்டங்களையும் மரப்பெட்டிகளையும் கொண்டுபோய், எந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுக்கின்றன என்று சோதித்தார். சுமார் 40 லிட்டர் கொள்ளளவு, சிறிய வாசல், தரையிலிருந்து நல்ல உயரம் என்று அவற்றின் விருப்பப் பட்டியல் துல்லியமாக வந்தது. நல்ல இடத்தைப் பார்த்த தேனீ நீண்ட நேரம் ஆடும், சுமாரான இடத்தைப் பார்த்த தேனீ சீக்கிரம் ஓய்ந்துவிடும். போட்டி இடத்துக்காக ஆடும் தேனீயைத் தலையால் முட்டி நிறுத்தச் சொல்வதும் உண்டு. ஏதாவது ஓர் இடத்தில் ஒரே சமயத்தில் இருபது முப்பது துப்பறியும் தேனீக்கள் சேர்ந்துவிட்டால் தீர்மானம் ஆகிவிட்டது. அவை கொத்துக்குத் திரும்பி ஊளையிடுவது போல ஓர் ஒலியை எழுப்ப, மற்றவை பறக்கும் தசைகளை 35 டிகிரிக்குச் சூடேற்றிக்கொள்கின்றன. ஒரு நிமிஷத்தில் முழுக் கொத்தும் காற்றில் கரைந்துவிடும். சீலி இதற்குத் ‘தேனீ ஜனநாயகம்’ என்று பெயரிட்டுப் புத்தகமே எழுதினார் (2010). எனக்கு அந்தப் பெயரில் முழு உடன்பாடு இல்லை. வாதாடும் தேனீக்கள் எல்லாம் சகோதரிகள், எல்லோருக்கும் ஒரே லாபம், தோற்ற கட்சிக்கு இழப்பு எதுவும் இல்லை. அப்படி ஒரு தேர்தலை எந்த ஊரில் பார்த்திருக்கிறோம்?

இதுவரை சொன்ன ஆய்வெல்லாம் ஐரோப்பியத் தேனீயை வைத்து நடந்தவை. கிளையில் கொத்தைக் கண்டால் பயப்பட வேண்டாம், தானாகப் போய்விடும் என்று இணையத்தில் கிடைக்கும் அறிவுரையும் அந்தத் தேனீக்கு உரியது. அதை அப்படியே சென்னைக்கும் மதுரைக்கும் கொண்டுவர முடியாது. நம் ஊரில் தேனீ ஒன்றல்ல.

பொந்துகளில் பல அடைகளை அடுக்காகக் கட்டும் இந்தியத் தேனீயிடம் மேலே சொன்ன நடத்தை பெரும்பாலும் பொருந்தும். மீட்டர் பெட்டி, சுவர் இடுக்கு, மூடி உடைந்த கேபிள் குழி, மொட்டை மாடியில் போட்டுவைத்த பழைய ஸ்பீக்கர் பெட்டி என்று இருட்டாக, சிறிய வாசலோடு எது கிடைத்தாலும் அதற்குப் போதும். ஒரு வித்தியாசம் உண்டு. கூட்டம் பிரிந்து வருவது தவிர, முழுக் குடும்பமும் கூட்டைக் கைவிட்டு ஓடிவருவதும் இதனிடம் சாதாரணம். எறும்புத் தொல்லை, மெழுகு அந்துப்பூச்சி, பூ இல்லாத பருவம், தாங்க முடியாத வெயில் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஆகவே நம் மாமரத்தில் இறங்கிய கொத்தைச் செழிப்பின் அறிகுறி என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. பசியோடு வந்த அகதிக் கூட்டமாக இருந்தால் அதன் வயிற்றில் தேனும் குறைவு, பொறுமையும் குறைவு.

கொம்புத் தேனீ உருவத்தில் மிகச் சிறியது. செம்பருத்திப் புதரிலோ போகன்வில்லாவிலோ பால்கனிக் கம்பியிலோ உள்ளங்கை அகலத்தில் ஒற்றை அடை கட்டும். கிளையில் அடைக்கு இரு பக்கமும் எறும்பு தாண்ட முடியாதபடி பிசின் பூசிவைக்கும். இடம் பிடிக்காவிட்டால் சற்றுத் தள்ளிப் புதிதாகக் கட்டிக்கொண்டு, பழைய அடையின் மெழுகைச் சுரண்டி எடுத்துப்போக மறுபடி வரும். இதைக் கண்டு ஆள் கூப்பிடுவதற்கு அவசியமே இல்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது அந்தக் கிளையை ஆட்டாமல் இருந்தால் போதும். கொசுத் தேனீக்குக் கொட்டும் கொடுக்கே கிடையாது. சுவர் விரிசலில் மெழுகும் பிசினும் கலந்த ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் அது அதன் வாசல். சில நாட்களில் அந்த வாசலுக்கு எதிரே ஆண் தேனீக்கள் சிறு மேகமாக மிதப்பதைப் பார்த்துக் கூட்டம் படையெடுத்து வந்துவிட்டதாகப் பயப்படுவார்கள். அவை பெண் பார்க்க வந்தவை.

மலைத்தேனீயைப் பற்றி இப்படி லேசாகப் பேசிவிட முடியாது. செய்தித்தாளில் ‘தேனீக்கள் கொட்டிப் பலர் காயம்’ என்று வருவதில் பெரும்பங்கு இதனுடையது. உடல் நீளம் 17 முதல் 20 மில்லிமீட்டர் வரை. ஒரு மீட்டரையும் தாண்டும் ஒற்றை அடை, திறந்தவெளியில் தொங்கும், அதன் மேல் பல அடுக்குத் தேனீக்கள் திரையாக மூடியிருக்கும். கூடு பொந்துக்குள் இல்லாததால் அதற்குச் சுவர் தேனீக்களின் உடம்புதான், தற்காப்பு உணர்வும் அதற்கேற்றபடி. பெருங்குளவி அருகே வந்தால் ஆயிரக்கணக்கான தேனீக்கள் வரிசையாக வயிற்றை உயர்த்தி இறக்க, அடையின் மேல் ஓர் அலை ஓடுவது தெரியும். ஐந்தாம் மாடியில் அப்படி ஓர் அலையைக் கண்டால் அது கூடு, இளைப்பாறும் கொத்து அல்ல என்று முடிவு செய்துகொள்ளலாம்.

இந்தத் தேனீ நகரத்தை ஏன் விரும்புகிறது? காடு அழிந்ததால் ஊருக்குள் வருகிறது என்பது வழக்கமான பதில். அதில் உண்மை இல்லாமல் இல்லை, ஆனால் அது பாதிக் கதை. மலைத்தேனீ இயல்பாகவே செங்குத்துப் பாறையின் நெற்றியிலும் உயர்ந்த மரத்தின் தடித்த கிளைக்கு அடியிலும் கட்டுவது. கீழே யாரும் ஏற முடியாத உயரம், மேலே மழை இறங்காத கூரை, அடை ஒட்டுவதற்கு வழுவழுப்பான அடிப்பரப்பு. மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியும், கோயில் கோபுரமும், பாலத்தின் அடிப்பகுதியும், அடுக்குமாடியின் சன்ஷேடும் இந்த மூன்றையும் தருகின்றன. சுற்றிலும் புங்கம், வேம்பு, தூங்குமூஞ்சி, தென்னை என்று தெருமரங்கள் முறை வைத்துப் பூக்கின்றன. நாம் கட்டிய பாறைக்கு அது குடிவருகிறது.

இது பருவந்தோறும் இடம் பெயரும் இனம். இலங்கையில் மலைநாட்டுக்கும் தாழ்நிலத்துக்கும் இடையே பூக்காலத்தைத் தொடர்ந்து இது போய்வருவதைக் கோனிகர் தம்பதி 1980இல் பதிவு செய்தார்கள். பயணத்தின் நடுவே மரங்களில் சில நாள் கொத்தாகத் தங்கும். அப்போது அடை இருக்காது. ஆனாலும் மலைத்தேனீக் கொத்தின் கீழ் போய் நின்று செல்பி எடுப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பல மாதம் கழித்து அவை திரும்பி வரும்போது அதே மரத்துக்கே வருகின்றன என்று தேன் எடுப்பவர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். 2000இல் ‘நேச்சர்’ இதழில் வந்த மரபணு ஆய்வு ஒன்று, சில குடும்பங்கள் பழைய இடத்துக்கே திரும்புகின்றன என்று அதை உறுதிப்படுத்தியது. பணித் தேனீயின் ஆயுள் சில வாரங்களே. போன தேனீக்கள் வேறு, வந்த தேனீக்கள் வேறு. முகவரியை எப்படி நினைவில் வைத்துக்கொள்கின்றன என்பது சுவையான புதிர். நம் விஷயத்துக்கு அதிலிருந்து கிடைப்பது இதுதான்: ஒரு வருஷம் விரட்டினால் அடுத்த வருஷம் அதே சன்ஷேடில் மறுபடி எதிர்பார்க்கலாம்.

மலைத்தேனீ குடிவந்த குடியிருப்பில் இரண்டு புகார்கள் தவறாமல் வரும். ஒன்று, கீழே நிறுத்திய கார்களின் மேல் மஞ்சள் புள்ளிகள். மாலையில் ஆயிரக்கணக்கில் ஒன்றாகப் பறந்து அவை மலம் கழிப்பதால் வருவது. இதே மஞ்சள் புள்ளி ஒரு காலத்தில் வல்லரசுகளின் சண்டையாகவே ஆனது. லாவோஸிலும் கம்போடியாவிலும் ஆகாயத்திலிருந்து ‘மஞ்சள் மழை’ என்ற நச்சு ஆயுதம் தூவப்படுகிறது, பின்னணியில் சோவியத் யூனியன் இருக்கிறது என்று 1981இல் அமெரிக்கா குற்றம் சாட்டியது. புள்ளிகளை ஆராய்ந்தால் உள்ளே பூந்தூள். உயிர்வேதியியலாளர் மேத்யூ மெசல்சனும், மேலே சொன்ன அதே சீலியும் தாய்லாந்துக்குப் போய், அது மலைத்தேனீயின் எச்சம் என்று விளக்கினார்கள். அங்கே அந்த மழை அவர்கள் மேலேயே பெய்தது. கார் கழுவ வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொள்பவர்கள் இதை நினைத்து ஆறுதல் அடையலாம். இரண்டாவது புகார், இரவில் தேனீ வீட்டுக்குள் வருவது. நிலவொளியில் இரை தேடும் வழக்கம் மலைத்தேனீக்கு உண்டு, அதனால் டியூப்லைட்டும் அதை இழுக்கிறது. காலையில் தரையில் செத்தும் சாகாமலும் கிடக்கும் தேனீக்களை வெறுங்காலில் மிதித்துக் கொட்டு வாங்குகிறவர்கள்தான் அதிகம். மாலை ஆறு மணிக்குக் கூட்டைப் பார்த்த ஜன்னலை மூடித் திரை போட்டால் இந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்துவிடும்.

ஆபத்தைப் பற்றிய பேச்சில் இரண்டு தரப்பும் மிகைப்படுத்துகின்றன. இயற்கை ஆர்வலர்கள், சீண்டாவிட்டால் தேனீ கொட்டாது என்கிறார்கள். சீண்டியவரும் கொட்டு வாங்குபவரும் ஒரே ஆளாக இருந்தால் அது சரி. சவ ஊர்வலத்தில் யாரோ வெடி வைக்கிறார்கள், கோபுரத்தின் அடியில் யாகப்புகை எழுகிறது, பையன் ஒருவன் கல் எறிகிறான், பேருந்துக்குக் காத்திருந்த பாட்டி கொட்டு வாங்குகிறார். மனிதனே காரணமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. தேன்பருந்து என்ற பறவை மலைத்தேனீ அடையைப் பிய்த்துப் புழுவைத் தின்னும். அது தாக்கிவிட்டுப் பறந்துபோனதும் கோபம் கீழே நடப்பவர்கள் மேல் இறங்கும். ‘காரணமே இல்லாமல் கொட்டின’ என்று சொல்பவர்கள் மேலே என்ன நடந்தது என்று பார்த்திருக்க மாட்டார்கள். மறுபக்கம், எல்லாத் தேனீயும் கொலைகாரத் தேனீ என்று பார்ப்பவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒவ்வாமை இல்லாத ஒரு பெரியவருக்கு உயிர் போகும் அளவு என்று மருத்துவ நூல்கள் மதிப்பிடுவது சுமார் ஆயிரம் கொட்டுகள், ஐரோப்பியத் தேனீயின் நஞ்சை வைத்துப் போட்ட கணக்கு. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அதைவிட வெகுவாகக் குறைவு. ஒவ்வாமை இருப்பவருக்கோ ஒரு கொட்டே போதும்.

கொட்டிய பணித் தேனீயின் கொடுக்கு தோலில் மாட்டிக்கொண்டு, நச்சுப்பையோடு பிய்ந்து நிற்கும். தேனீ செத்துவிடும், பை மட்டும் துடித்துத் துடித்து நஞ்சை இறக்கிக்கொண்டிருக்கும். கூடவே வாழைப்பழ வாசனை கொண்ட ஓர் அபாய மணமும் பரவுகிறது. இங்கே கொட்டுங்கள் என்று மற்றவற்றுக்குச் சொல்வது அந்த மணம். அதனால் முதல் கொட்டு விழுந்த இடத்திலேயே நின்று கையை வீசுவது மோசமான யோசனை. தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொண்டு, கதவுள்ள ஓர் இடத்துக்குள், காராக இருந்தாலும் கடையாக இருந்தாலும், ஓடிப்போய்ப் புகுந்துகொள்ள வேண்டும். கிணற்றிலோ குளத்திலோ குதிப்பது சினிமாவுக்குச் சரி. தலை வெளியே வரும்வரை மலைத்தேனீ மேலே சுற்றிக்கொண்டிருக்கும். கொடுக்கை நகத்தாலோ ஏடிஎம் அட்டையாலோ வழித்து எடுக்க வேண்டும், கிள்ளி எடுத்தால் நஞ்சு உள்ளே இறங்கும் என்று பல முதலுதவிக் குறிப்புகளில் இன்னும் இருக்கிறது. 1996இல் ‘லான்செட்’ இதழில் வந்த சோதனை இதைத் தவறென்று காட்டிவிட்டது. எப்படி எடுத்தாலும் ஒன்றுதான், எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் கணக்கு. ஏடிஎம் அட்டையைத் தேடிக்கொண்டிருக்கும் அந்தப் பத்து விநாடியில் நஞ்சு இறங்கிவிடும். மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு, மயக்கம், உதடு வீக்கம் இவற்றில் எது தெரிந்தாலும் சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்காரக்கூடாது. அட்ரினலின் ஊசி போடும் வசதி உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். ஐம்பது அறுபது கொட்டு வாங்கியவர் தெம்பாக எழுந்து நின்றாலும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு தாமதமாகத் தலைகாட்டுவது உண்டு.

சரி, கூட்டத்தை என்ன செய்வது? நம் நகரங்களில் நடைமுறையில் இருப்பவை தீப்பந்தமும் மருந்தும். தீயணைப்பு வீரர்களைக் குறை சொல்வதற்கில்லை. வேறு யாரும் போகாத இடத்துக்கு அவர்கள் போகிறார்கள், கையில் இருக்கும் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இரவில் தீப்பந்தம் காட்டிக் கொளுத்தும்போது ஒரு பகுதி கருகி விழுகிறது, இன்னொரு பகுதி தப்பித்து இருட்டில் சிதறுகிறது. விடிந்ததும் வீடிழந்த தேனீக்கள் அதே இடத்தைச் சுற்றி வெறியோடு பறக்கும். பள்ளிக்கூட வளாகத்தில் இதைச் செய்துவிட்டு மறுநாள் காலை பள்ளியைத் திறப்பது விபரீதம். மருந்து அடிப்பதில் வேறொரு கோளாறு. சுவருக்குள் இருக்கும் இந்தியத் தேனீக் கூட்டைக் கொன்றுவிட்டால் உள்ளே தேனும் புழுவும் காவலின்றிக் கிடக்கும். அடை இளகி ஒழுகும், எறும்பும் அந்துப்பூச்சியும் வரும், நாற்றம் எழும். நஞ்சு கலந்த அந்தத் தேனைக் கொள்ளையடிக்க அக்கம்பக்கத்துக் கூடுகளிலிருந்து தேனீக்கள் வந்து, நஞ்சை வீட்டுக்கு எடுத்துப்போகும். மாமரத்தில் தொங்கிய கொத்தின் மேல் மருந்து அடிப்பதோ வீண் வேலை. மறுநாள் தானே போகவிருந்ததைக் கொன்று, சாகும் அவசரத்தில் நாலு பேரைக் கொட்ட வைப்பதுதான் மிச்சம்.

இந்தியத் தேனீயாக இருந்தால் பெட்டியில் ஏற்ற முடியும், அதற்கான கைத்திறன் தமிழ்நாட்டில் நூறு வருஷமாக இருக்கிறது. திருச்சி புனித வளனார் கல்லூரியைச் சேர்ந்த நியூட்டன் பாதிரியார் 1910களில் இந்தியத் தேனீக்கென்று வடிவமைத்த சிறிய பெட்டி ‘நியூட்டன் பெட்டி’ என்ற பெயரில் இன்றும் புழங்குகிறது. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்எம்சிஏ தொடங்கிய பயிற்சியிலிருந்து குமரி மாவட்டத்தில் ஒரு தொழிலே வளர்ந்தது. அங்கே மெழுகு தடவிய மண்பானையை மரத்தில் கட்டிக் கூட்டத்தைப் பிடிப்பார்கள். சுவர்ப் பொந்துக் கூடாக இருந்தால் லேசாகப் புகை காட்டி, அடைகளை ஒவ்வொன்றாக அறுத்து, புழு உள்ள அடையைச் சட்டத்தில் வைத்து வாழை நாரால் கட்டி, ராணியைக் கண்டுபிடித்துப் பெட்டிக்குள் விட்டால் மற்றவை பின்னாலேயே வந்துவிடும். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவின் தேனீப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றைக் காலி செய்தது. அதற்குப் பிறகு வளர்ப்பவர்கள் தொழிலை மறுபடி நிமிர்த்தியதில் இப்படிப் பொந்துகளிலிருந்து எடுத்த கூட்டங்களுக்கும் பங்கு உண்டு. உங்கள் மீட்டர் பெட்டியில் வந்தது ஒருவருக்கு வேண்டாத விருந்தாளி, இன்னொருவருக்கு முதல் இல்லாத முதலீடு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறையில் பயிற்சி எடுத்தவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். விளம்பரம்தான் இல்லை.

மலைத்தேனீயைப் பெட்டியில் ஏற்ற முடியாது. ‘பத்திரமாக இடம் மாற்றித் தருகிறோம்’ என்று யாராவது சொன்னால் அது விரட்டுவதற்கு வேறு பெயர் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆகவே முடிவு இடத்தைப் பொறுத்தது. பள்ளி வாசல், மருத்துவமனை நுழைவாயில், கை எட்டும் தூரத்துப் பால்கனி என்றால் அகற்றத்தான் வேண்டும், அதில் தயக்கம் காட்டக்கூடாது. பகலில் அல்ல, கீழே ஆள் நடமாட்டத்தை நிறுத்தி, அக்கம்பக்கத்துக்குச் சொல்லி, விளக்குகளை அணைத்து, அனுபவம் உள்ளவர் புகை காட்டி எழுப்ப வேண்டும். எட்டாம் மாடித் தண்ணீர்த் தொட்டியின் அடியில், யாரும் போகாத பக்கத்தில் இருந்தால் விட்டுவிடலாம். பூக்காலம் முடிந்தால் அதுவே போகும். இலங்கையின் சிகிரியாக் குன்றில் மலைத்தேனீக்கள் பாறையில் கூடு கட்டுகின்றன, சுற்றுலாப் பயணிகளைத் தாக்கியதும் உண்டு. அங்கே சத்தம் போடாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள், தாக்கினால் ஓடி ஒளிய வலைக்கூண்டும் அமைத்திருக்கிறார்கள். கூட்டோடு வாழ்வது என்று முடிவெடுத்தால் அதற்கும் இப்படி ஓர் ஏற்பாடு வேண்டும். சும்மா விட்டுவிடுவது ஏற்பாடு ஆகாது.

பிற நாடுகள் இந்தப் பொறுப்பை யார் தலையில் வைத்திருக்கின்றன என்பது சுவாரஸ்யமானது. தேனீ இயல்பில் காட்டு உயிர், உன் கூட்டிலிருந்து பறந்த கூட்டம் உன் கண்ணுக்குத் தெரியும்வரை உன்னுடையது என்று ரோமானியச் சட்டம் வகுத்தது. ஜெர்மானியச் சிவில் சட்டத்தின் 961 முதல் 964 வரையான பிரிவுகள் இன்றும் தேனீக் கூட்டத்துக்கு மட்டுமே உரியவை. துரத்திப்போகும் உரிமையாளர் அடுத்தவர் நிலத்துக்குள் நுழையலாம், துரத்தாமல் விட்டால் கூட்டம் யாருக்கும் சொந்தமில்லாததாகிவிடும். பிரிட்டனில் தேனீ வளர்ப்போர் சங்கம் கூட்டம் பிடிப்பவர்களின் பட்டியலை வட்டாரவாரியாக வைத்திருக்கிறது. நியூயார்க்கில் போலீஸ் துறையிலேயே தேனீ பிடிக்கத் தெரிந்த அதிகாரிகள் உண்டு. 2018 ஆகஸ்டில் டைம்ஸ் சதுக்கத்தில் ஒரு தள்ளுவண்டிக் கடையின் குடைமேல் கூட்டம் இறங்கியபோது, அவர்களில் ஒருவர் வந்து உறிஞ்சு கருவியால் மெல்ல உறிஞ்சி எடுத்துப்போனார். சுற்றி நின்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஊர்களில் கூட்டம் பெரும்பாலும் யாரோ வளர்த்த பெட்டியிலிருந்து தப்பியது, அதனால் உரிமையும் பொறுப்பும் பேசுவது எளிது. நம்மிடம் வருவது யாருக்கும் சொந்தமில்லாத தேனீ. அதனால் தீயணைப்பு, மாநகராட்சி, வனத்துறை, குடியிருப்போர் சங்கம் என்று நால்வருக்கும் இடையே பொறுப்பு தட்டிக்கழிக்கப்படுகிறது. மாநகராட்சி மண்டலந்தோறும் பயிற்சி பெற்ற தேனீ வளர்ப்பாளர் இரண்டு பேரின் எண்ணைத் தீயணைப்பு நிலையத்தில் ஒட்டிவைத்தாலே இந்தியத் தேனீ அழைப்புகள் தீப்பந்தத்துக்குப் போகாமல் பெட்டிக்குப் போகும். இதற்குப் புதுச் சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. அவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். தேன் கிடைக்குமே, இலவசமாக எடுத்துப்போகட்டும் என்று பேரம் பேசுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது.

மலைத்தேனீ வந்துபோன கட்டடங்கள் செய்ய வேண்டியது வேறு. கூடு காலியானதும் காய்ந்த அடை பல மாதம் அப்படியே தொங்கும், யாரும் கவனிப்பதில்லை. ஏணியோ தொங்கு பலகையோ வைத்து அதைப் பெயர்த்து, மெழுகுத் தடத்தைச் சுரண்டி, சன்ஷேடின் அடியில் சிறு கண் வலையை இறுக்கி அடித்துவிட்டால் அங்கே மறுபடி கட்ட இடம் இருக்காது. பெயின்ட் அடிக்க ஆட்கள் கயிற்றில் தொங்கும் வருஷத்தில் கூடவே செய்தால் தனிச் செலவும் இல்லை. ஆனால் வேம்பும் புங்கமும் பூக்கும் பங்குனிக்கு முன்பே முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அந்தக் கயிற்றில் ஆளை இறக்குவது அவருக்கு ஆபத்து.